ஆறாம் நம்பர் ஷெட்டைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

எஃப்.எம். கம்பம் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. நாற்பது பக்கத்துக்குச் சொந்தப் பெருமையை எழுதி உங்கள் தலையில் கட்டிவிடுவான். என்னிடம் அந்த அளவுக்குப் பெருமை கையிருப்பு இல்லை, தப்பித்தீர்கள். கையிருப்பு இருப்பதெல்லாம் கோபம். அதில் கொஞ்சம் என் மேலதிகாரி மேல். மிச்சம் முழுக்க என் மேல். அதைத்தான் தருகிறேன்.

இன்று எஃப்.எம். என்றால் பாட்டு. எழுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் எஃப்.எம். என்று சொன்னால், அது எந்த ஆபீஸ் என்று கேட்பார்கள். எங்கள் துறைக்கு அது வெள்ளச் செய்தி. திட்டக்குடிப் பக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று அங்கிருந்து ஒருவர் பேசுவார். இங்கே எங்கள் வயர்லெஸ் செட்டில் அது கேட்க வேண்டும். நாங்கள் அதை மேலே அனுப்ப வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் நிலையம் தயாராகிவிட வேண்டும் என்பது உத்தரவு. பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடந்த அரசு இடத்தில் ஒரு அறையும் ஒரு கம்பமும் எனக்கு ஒதுக்கினார்கள். முப்பது வயதைத் தொடாத டெக்னீஷியன் நான். அறைக்கும் கம்பத்துக்கும் நானே ராஜா. இன்னொரு ஆபரேட்டர் இருந்தார், அவர்தான் பிரஜை.

கம்பம் கோண இரும்பில் செய்தது, மூன்று துண்டு. ஒன்றின் மேல் ஒன்று வைத்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். உச்சியில் ஆன்டெனா. துண்டுகள் தரையில் கிடக்கும்போதே, கோட்டத்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. வருகிறவர் கம்பத்தில் ஏறப் போவதில்லை. செட்டில் உட்கார்ந்து கேட்கப் போவதும் இல்லை. கண்ணால் பார்ப்பார், போய்விடுவார். கண்ணால் பார்ப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பெயிண்ட் அடிக்க வேண்டும்.

அடித்தேன். வெள்ளிப் பெயிண்ட், இரண்டு கோட். ஏற்றிய பிறகு மேலே தொங்கிக்கொண்டு அடிப்பது சிரமம், கீழே கிடக்கும்போதே அடித்துவிட்டால் வேலை சுலபம் என்பது என் சொந்த மூளை. துண்டும் துண்டும் சேரும் முகம், ஆன்டெனாவைப் பிடிக்கும் கிளாம்ப், எர்த் பட்டை உட்காரும் இடம் என்று ஒரு இஞ்சு விடவில்லை. அதன்பிறகு ஏற்றி முடுக்கினோம். அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி இருக்கிறதய்யா என்றார். நான் பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வாரம் சத்தம் ஆரம்பித்தது.

திட்டக்குடிக்காரர் பேசுவதற்கு மேலே 'கர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். அவருடைய சிக்னலே பலவீனம். இந்த இரைச்சலும் சேர்ந்தால் 'பதினெட்டு அடி' என்பதில் 'அடி' மட்டும்தான் காதில் விழும். வெள்ள காலத்தில் எத்தனை அடி என்று தெரியாமல் வெறும் அடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? லாக் புத்தகத்தில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு அடங்குகிறது. ஒரு வாரம் பார்த்தேன், அதே கணக்கு. ஒன்பதரைக்கு வந்து ஐந்தரைக்குப் போகிற இரைச்சல் என்றால் அது எங்கேயோ வேலைக்குப் போகிறது என்று ஆபரேட்டரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் விசாரணை. அத்தோடு விசாரணை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கம்பத்திலிருந்து அறுபது கஜத்தில் பேட்டையின் ஆறாம் நம்பர் ஷெட் இருந்தது. ஒன்பதரைக்கு அங்கே மெஷின் போடுவார்கள். ஐந்தரைக்கு நிறுத்துவார்கள்.

அந்த ஷெட்டை எடுத்திருந்தவர் கோவிந்தசாமி. நல்லூர்ப் பக்கம் சட்டி பானை செய்கிற குடும்பம். பீங்கான் வேலை கற்றுக்கொண்டு, டீ கப் செய்ய ஷெட் கேட்டு வாங்கி வந்தவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் அஞ்சலை பேசும். மண் பிசைகிற மெஷின் ஒன்று, கப் வார்க்கிற சக்கரம் இரண்டு, எல்லாம் ஒரே மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடும். பேட்டையில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து முப்பது நாள் மின்சாரத்தில் ஓடாத ஷெட் ரத்தாகி, வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். ஷெட்டுக்காக அவர்கள் ஊரில் இருந்த சூளையைக் கலைத்துவிட்டு வந்திருந்தார்கள். இது போனால் திரும்பிப் போய் உட்கார இடம் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நினைத்து என்னை மன்னித்துவிடாதீர்கள்.

சட்டைப்பையில் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மோட்டார் பெல்ட் பக்கத்தில் பிடித்தேன். ரேடியோ 'கரகர' என்றது. வேறென்ன வேண்டும்? பெல்ட் ஓடுகிற எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாலும் அந்த ரேடியோ கரகரக்கும். அது பாட்டு கேட்கிற ஏ.எம். ரேடியோ. எங்கள் செட் எஃப்.எம். அந்த மாதிரிச் சின்னக் கரகரப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. இந்த வித்தியாசத்தைப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள், பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். வாங்கின மார்க்கை வீட்டில் வைத்துவிட்டுத்தான் அன்றைக்கு ஷெட்டுக்குப் போயிருக்கிறேன்.

மோட்டாருக்குள் உரசுகிற கார்பன் பிரஷ் பொறி அடிக்கிறது என்று கோவிந்தசாமியிடம் சொன்னேன். அவர் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல பிரஷ்ஷே கெடையாதுங்க சார். இது அந்த மாதிரி மோட்டார் இல்லீங்க."

உண்மை. அது பிரஷ் இல்லாத மோட்டார். டிப்ளமா படித்த எனக்குச் சட்டி பானைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒருவனுக்கு வெட்கம் வர வேண்டும். வெட்கம் வந்தால் யோசிக்கலாம். எனக்கு ஜோக் வந்தது. பிரஷ் இல்லையென்றால் பெல்ட், பெல்ட் இல்லையென்றால் ஸ்டார்ட்டர் என்று சமாளித்துவிட்டு, "உங்க மெஷின் எங்க ஆபீசரைவிடச் சத்தமா கத்துதுங்க. ஆபீசரை ஆஃப் பண்ண என்கிட்ட சுவிட்ச் இல்ல. இதையாவது நாளைக்கு ஒரு பகல் ஆஃப் பண்ணிக் குடுங்க" என்றேன். கோவிந்தசாமி சிரித்தார். அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. மறுநாள் அவர்களே நிறுத்தினார்கள்.

அன்றைக்குச் சத்தம் இல்லை. ஒன்பதரைக்கு இல்லை, பன்னிரண்டுக்கு இல்லை, சாயங்காலம் வரை இல்லை. திட்டக்குடிக்காரர் பக்கத்து அறையில் இருப்பது போல் பேசினார்.

அன்றைக்கு வானம் முழுக்க மூட்டம் போட்டிருந்தது. இதை லாக் புத்தகத்தில் நான் எழுதவில்லை. வானத்துக்கு அதில் பத்தி கிடையாது.

அறிக்கை எழுதினேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு அபாரமாக வந்தது. ஒரே ஒரு இடம் இடித்தது. லாக் புத்தகத்தின்படி மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரையிலும் சத்தம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஆறாம் ஷெட் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்திவிடும். அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் சத்தம் எங்கிருந்து வந்தது? என் அறிக்கை முழுவதையும் கிழித்துப் போடுவதற்கு அந்த ஒரு மணி நேரம் போதும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? உணவு இடைவேளையிலும் மேற்படியார் மறைவாக மெஷினை இயக்குவதாகத் தெரிகிறது என்று எழுதினேன். யாருக்குத் தெரிகிறது? எனக்கு. எப்படித் தெரிகிறது? அப்படி இருந்தால்தான் என் கணக்கு சரியாக வருகிறது.

கேட்கவாவது செய்தேனா என்றால், செய்தேன். அஞ்சலையிடம் ஒரு மணிக்கு மெஷின் ஓடுமா என்று கேட்டேன். "ஒரு மணிக்கு சோறு துன்றோம் சார். நாங்களும் துன்னுவோம்" என்றது. அதையும் சிரித்தபடியே கேட்டுக்கொண்டு வந்து, அந்த வாக்கியத்தை எழுதினேன்.

கோட்டத்து அதிகாரி அதன் மேல் ஒரு கடிதம் வைத்து மின்சார ஆபீசுக்கு அனுப்பினார். வெள்ளத் தகவல் பொதுமக்கள் உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே குறுக்கீடு நீங்கும்வரை மேற்படி இணைப்பைத் துண்டிக்கவும் என்று கடிதம். லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கி, மீட்டர் பெட்டிக்கு சீல் வைத்தார். அந்த நாளை அஞ்சலை ஷெட் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் குறித்தது. அடுத்த நாள் இரண்டாவது கோடு.

இதற்குப் பிறகு பதினைந்து நாள் நல்ல மூட்டம், நடுவே தூறல். சத்தம் இல்லை. குறுக்கீட்டை விரைந்து கண்டுபிடித்ததற்குப் பாராட்டி எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அந்தப் பக்கம் ஆறாம் ஷெட்டில் மண்ணைக் காலால் மிதிக்க ஆரம்பித்திருந்தார்கள். கோவிந்தசாமியும் அஞ்சலையும், ஊரிலிருந்து வரவழைத்த இரண்டு உறவுக்காரப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலையிலிருந்து மிதிப்பார்கள். மெஷினில் அரை மணியில் பிசைகிற மண் அது. எப்படியாவது ஓட்டிக் காட்டினால் ஷெட் தங்கும் என்று நினைத்தார்கள். பேட்டை அலுவலகத்தில் காலால் மிதிப்பது ஓட்டமாகாது, மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரியிடம் இதை நான் சொன்னபோது அவர், "பாத்தியா, சமாளிக்கிறாங்க இல்ல" என்றார். அந்த வார்த்தை ஞாபகம் வந்தால் இந்த வயதிலும் எனக்குத் தலையில் ரத்தம் ஏறுகிறது. டாக்டர் கூடாது என்கிறார். டாக்டருக்கு அந்த அதிகாரியைத் தெரியாது.

புரட்டாசி பிறந்தது. வெயில் திரும்பி வந்தது. ஒன்பதரைக்கு 'கர்ர்ர்' என்றது செட்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை நன்றாகப் பார்க்க வேண்டும். மெஷினுக்கு மின்சாரம் இல்லை, சத்தம் இருக்கிறது. ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றும்? நாம் தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது, திருட்டுக் கரண்ட். எங்கேயோ கொக்கி போட்டு இழுக்கிறார்கள் என்று நினைத்து விறுவிறுவென்று ஆறாம் ஷெட்டுக்குப் போய் கூரை, சுவர், பின்பக்கம் எல்லாம் சுற்றிப் பார்த்தேன். சீல் அப்படியே இருந்தது. மோட்டார் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. முழங்கால் வரை மண்ணோடு நின்ற அஞ்சலை, என்ன சார் தேடுறீங்க என்று கேட்டது. சும்மா என்றேன். சுவரில் பதினாறு கோடு இருந்தது.

அதிகாரிக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொன்னேன். சார், சத்தம் ஆறாம் ஷெட்டிலிருந்து வரவில்லை போலிருக்கிறது என்றேன். மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அடுத்த மோட்டார் எது?"

"நாலாம் ஷெட்டுல இருக்குது சார்."

"அதை எழுது."

"அதுவும் இல்லன்னா சார்?"

"அப்புறம் மூணு. என்னய்யா, எண்ணத் தெரியாதா உனக்கு?"

எங்கள் துறையில் குறுக்கீடு என்றால் வெளியிலிருந்து வருவது என்று பொருள். நம் கம்பத்தை நாமே சந்தேகப்படுவது, சாமி கும்பிட்டுக்கொண்டே சாமி இருக்கிறதா என்று கேட்பது போல. போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன்? தாளை எடுத்து நாலாம் ஷெட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். மனது சரியில்லை, ஆனாலும் எழுதினேன். ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுவேன், ஒரு வரியை அடிப்பேன். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அந்த வாரம் முழுக்க அவர்கள் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். அரைப் பக்கம் வந்திருந்தது.

இருபத்தி நாலாவது கோட்டு நாளில் அஞ்சலை கரண்டைத் திருப்பிக் கேட்டு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தது. பதினோரு மணி இருக்கும். ஆபரேட்டர் அன்றைக்கு லீவு. ஸ்பீக்கரில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மனுவைக் கொடுக்காமல் அதையே கேட்டுக்கொண்டு நின்றது.

"இந்தச் சத்தந்தாங்களா?"

"ஆமாம்மா."

"இதுக்குத்தான் எங்க கரண்டைப் புடுங்குனீங்களா?"

அந்த நேரம் பார்த்து இரைச்சல் தேய்ந்து, நின்றே போய்விட்டது. அறை சட்டென்று அமைதியாயிற்று. அஞ்சலை ஸ்பீக்கரைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"இப்ப யாருங்க சார் மெஷினை நிறுத்துனது?"

வாசலுக்குப் போனேன். ஒரு மேகம் சூரியனை மறைத்திருந்தது. என் குத்துவிளக்கு மங்கி நின்றது. சில நிமிஷத்தில் மேகம் நகர்ந்தது, கம்பம் மறுபடி மின்னியது, உள்ளே சத்தம் மெல்லத் திரும்பி வந்தது. கம்பத்துக்குப் பதினைந்தடி தள்ளி மின்சார லைன் போவதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஸ்பேனரையும் உப்புத்தாளையும் எடுத்தேன். கீழே சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அஞ்சலையைச் செட் முன்னால் உட்காரச் சொன்னேன். சத்தம் மாறினால் ஜன்னல் வழியே குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. இன்றிலிருந்து நீங்கள்தான் ஆபரேட்டர், எனக்கும் சேர்த்து அதிகாரியைத் திட்டலாம் என்று எதையோ சொன்னேன்.

"சார், சிரிக்க வெக்காதீங்க" என்றது அஞ்சலை. "அன்னிக்கும் இப்புடித்தான் சிரிக்க வெச்சீங்க. நாங்களும் பல்லைக் காட்டிக்கினு சுவிட்சை நிறுத்துனோம்."

ஏறினேன். பதினோரு மணி வெயிலில் இரும்பு கையைப் பொசுக்கியது. முதல் இணைப்பில் ஸ்பேனரால் தட்டினேன், மாற்றமில்லை என்று குரல் வந்தது. இரண்டாவது இணைப்பில் தட்டினேன். "தா, விட்டு விட்டு வருது" என்றது. போல்ட்டை முடுக்கினேன். "அடங்குது. இல்ல, மறுக்க வந்திடுச்சு." போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால், இரும்பு முகத்துக்கும் இரும்பு முகத்துக்கும் நடுவே என் இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட், நெய் தோசை மாதிரி. மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் தொடர்பே இல்லை. வெயிலில் இரும்பு விரிந்தால் அந்த இடைவெளி திறக்கும். பக்கத்து லைனிலிருந்து கம்பம் வாங்கி வைத்திருக்கிற கொஞ்சம் மின்சாரம் அந்த இடைவெளியில் பொறியாகத் தாண்டும். அதுதான் கர்ர்ர். வெயில் தணிந்தால் இரும்பு சுருங்கி இறுகும், சத்தம் போய்விடும். ஒன்பதரைக்கு வேலைக்கு வந்து ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனது சூரியன்.

உப்புத்தாள் போட்டு இரும்பு தெரிகிறவரை தேய்த்தேன். கையில் தோல் உரிந்தது. கிளாம்பையும் எர்த் பட்டையையும் அப்படியே சுரண்டி முடுக்கினேன். அஞ்சலை இப்போது ஜன்னலில் இல்லை. வெளியே வந்து கம்பத்தடியில் நின்றது.

"நின்னுடுச்சு" என்றது. பிறகு, "அப்போ இத்தினி நாளா கத்துனது உங்க கம்பமா?"

ஆமாம் என்றேன். மேலே இருந்தபடியே சொன்னேன். இறங்க தைரியம் இல்லை.

உங்களுக்கு வேலை சம்பந்தமாக ஏதாவது வேண்டுமென்றால் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். சேரும் முகங்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, முடுக்கிவிட்டு, அதற்கப்புறம் மேலே பெயிண்ட் அடியுங்கள். சத்தம் கேட்டால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் சொந்தக் கம்பத்தைத் தட்டுங்கள். ஒரு நாள் நிறுத்திப் பார்த்தது சோதனை ஆகாது. நிறுத்திப் பார்க்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், வெயிலில் ஒரு தடவை, மூட்டத்தில் ஒரு தடவை. உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் உதைத்தால், அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குங்கள். அதை நிரப்ப யாரையாவது திருடனாக்கலாம் என்று கை அரித்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

அதிகாரிக்கு மறுபடி ட்ரங்க் கால். கோளாறு நம்முடையது, பெயிண்ட் என்னுடையது, மின்சார ஆபீசுக்கு இன்றைக்கே கடிதம் வேண்டும் என்றேன். அவர் குரல் இனிமையாகிவிட்டது. குறுக்கீடு தானாக நீங்கிவிட்டது என்று எழுது, காரணம் எதுவும் வேண்டாம், கடிதத்தை அடுத்த வாரக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் என்றால் முப்பத்தி ஒன்றாவது கோடு, அதற்குள் ஷெட் ரத்தாகிவிடும். சொன்னேன். அது பேட்டை விவகாரம், நமக்கு சம்பந்தமில்லை என்றார்.

நான் வீரன் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்தது வீரம் இல்லை, எரிச்சல். கையும் எரிந்துகொண்டிருந்தது. செட் முன்னால் உட்கார்ந்தேன். வயர்லெஸ்ஸில் போகிற ஒவ்வொரு செய்திக்கும் நம்பர் உண்டு. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் நேரம் போட்டு எழுதியே ஆக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த புத்தகம் அது, கிழிக்க முடியாது. திட்டக்குடியையும் தலைமை நிலையத்தையும் கூப்பிட்டு, ஒரு செய்தி இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். விருத்தாசலம் நிலையத்தின் குறுக்கீடு நிலையத்தின் சொந்தக் கம்பத்தால் ஏற்பட்டது. இணைப்புகளில் பெயிண்ட் அடித்தது நான். ஆறாம் ஷெட்டுக்கு இதில் தொடர்பு இல்லை. மின் இணைப்பை உடனே திருப்பித் தர வேண்டும். திட்டக்குடிக்காரர் முழுவதையும் எழுதிவிட்டு ஒரு தடவை திருப்பிப் படித்தார். ஒரு எழுத்துகூட விழாமல் கேட்டது. இவ்வளவு தெளிவாக அந்த நிலையத்திலிருந்து அதுவரை எதுவும் போனதில்லை.

வெள்ளம் அல்லாத செய்தியை வயர்லெஸ்ஸில் அனுப்பியதற்கு எனக்கு மெமோ வந்தது. வடக்கே எங்கோ ஒரு நிலையத்துக்கு மாற்றலும் வந்தது. பாராட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அரசாங்கம் பெருந்தன்மையானது. ஆனால் மூன்று புத்தகத்தில் நம்பரோடு ஏறிவிட்ட செய்தியை அடுத்த வாரக் கோப்பில் புதைக்க முடியவில்லை. கடிதம் வந்தது. இணைப்பைத் திருப்பித் தரச் சொன்ன அந்தக் கடிதத்தை மின்சார ஆபீசுக்கு நானே எடுத்துக்கொண்டு போய், கையெழுத்தாகும்வரை அங்கிருந்த பெஞ்சை விட்டு எழவில்லை. லைன்மேனை என் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு எடை. எனக்கு வேண்டியதுதான்.

சுவரில் இருபத்தி ஏழு கோடு. சீலை உடைத்து, ஃபியூஸைச் செருகினார். கோவிந்தசாமி சாக்கை விலக்கி சுவிட்சைப் போட்டார். மண் பிசைகிற மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல் மெஷின் வாயில் மண்ணைத் தள்ளப் போய்விட்டார்.

போயிட்டு வரேன் என்று நான் நகர்ந்தபோது அஞ்சலை வழியை மறித்தது. பேட்டையில் எல்லாரும் இந்த ஒரு மாதமாக அவர்களோடு பேசுவதில்லை, ஆறாம் ஷெட்டால் மொத்தப் பேட்டைக்கும் கரண்ட் போய்விடும் என்று பயந்து ஒதுக்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் சொன்னது. எனக்கு அது தெரியாது. நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் அதற்கும் பத்தி இல்லை.

"லெட்டருல எழுதுனது இருக்கட்டும் சார். டீக்கடையில வந்து சொல்லுங்க. சிரிக்காம சொல்லணும்."

போனேன். மூன்று மணி டீ நேரம். பேட்டை ஆட்கள் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஜோக் அடிக்கிற வயர்லெஸ் சார். பெஞ்சில் இடம் விட்டார்கள், நான் உட்காரவில்லை. ஆறாம் ஷெட் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். சத்தம் என் கம்பத்தில் இருந்தது, என் பெயிண்ட்டால் வந்தது என்றேன். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மறைவாக மெஷின் ஓட்டியதாக நான் எழுதியது பொய் என்றேன். நான்கைந்து வாக்கியம்தான். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நேரம் ஜோக் இல்லாமல் நின்று பேசியதில்லை. சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அஞ்சலை கடை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

நாலாம் ஷெட்டில் ஃபியூஸ் கட்டை செய்கிற சலீம் பாய் அங்கே இருந்தார். ஆறாம் ஷெட்டோடு பேசாமல் இருந்தவர்களில் அவர் முதல் ஆள் என்று பின்னால் தெரிந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"சரிங்க சார், நடந்தது நடந்துபோச்சு. கம்பத்துலதான் கோளாறுன்னு தெரியாம இருந்திருந்தா, அடுத்து யாரு ஷெட்டுக்கு வந்திருப்பீங்க?"

எழுதி வைத்த அரைப் பக்கம் என் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தலைப்பில் இருந்த '4' என்ற எண் யாருக்கும் தெரியும்.

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். எழுந்து போய், அஞ்சலைக்கு ஒரு டீ போடச் சொன்னார்.